மெழுகில் பதிந்த மூலை

ஜூலை 2, புதன்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஆய்வு நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்திற்கு இன்று முற்பகல் வந்து சேர்ந்தேன். அறை எண் 6. சன்னலைச் சரியாகச் சாத்த முடியவில்லை. புகார்ப் புத்தகத்தில் எழுதியுள்ளேன்.

மாவட்ட நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதிவந்தேன். ஓய்வு பெற்றதும் நிறுத்தினேன். இப்போது விசாரணைக் குழுத் தலைவர் என்ற பொறுப்பு வந்திருப்பதால் மீண்டும் தொடங்குகிறேன். விதி பழையதுதான்: செய்ததையும் கண்டதையும் மட்டுமே எழுதுவது.

விசாரணைக்குரிய பொருள் இது. ஆய்வாளர் செல்வி பவதாரணி, ஒரு படிகத்தின் வழியே வெப்பம் வியப்பூட்டும் எளிமையோடு பாய்கிறது என்று அளந்து, கட்டுரை வெளியிட்டு, முனைவர் பட்டமும் பெற்றார். வேறு ஊர் ஆய்வகம் ஒன்று, தான் வளர்த்த படிகத்தில் அவ்வாறு காணவில்லை என்கிறது. அவர் எண்களை இட்டுக்கட்டினாரா? ஆம் எனில் பட்டம் ரத்தாகும். சென்ற மாதம் கிடைத்த கல்லூரி விரிவுரையாளர் வேலையும் போகும். படிகத்தை வளர்த்த அவருடைய வழிகாட்டி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். எஞ்சியிருப்பது ஒரே ஒரு படிகம். அதை நம் கண்முன் மீண்டும் அளந்து பார்ப்பது என்பது முடிவு. அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூலை 31.

எனக்கு இயற்பியல் தெரியாது. குழுவின் மற்றோர் உறுப்பினரான ஓய்வுபெற்ற பேராசிரியர் கோதண்டபாணிக்குத் தெரியும். எனக்குச் சாட்சியம் தெரியும்.


ஜூலை 4, வெள்ளி (என் கையால் எடுத்த நகல்)

பதிவாளர் அலுவலகத்தில் படிகம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எண் இல்லை, முத்திரை இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பி. அதற்குள் மடித்த பட்டர் பேப்பர். அதன் நடுவில் ஒரு மெழுகுப் பொட்டு. மெழுகில் ஒட்டியபடி படிகம். கரிய நிறம். மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று இருக்கும், ஏறத்தாழச் சதுரம், ஒரு மூலை உடைந்தது. தாளில் ஏதோ பென்சில் கிறுக்கல்.

இந்த நிலையில் ஒரு சான்றுப் பொருளை எந்த நீதிமன்றமும் ஏற்காது. எழுத்தர் அரக்கு வாங்கி வரச் சென்றிருந்த நேரத்தில், படிகத்தை இடுக்கியால் பெயர்த்து, புதிய உறையில் பஞ்சின்மேல் வைத்தேன். அவர் திரும்பியதும் அரக்கு முத்திரையிட்டுக் கையொப்பமிட்டோம். பொருளைப் பெற்றதற்கான மகஜர் என் கையெழுத்தில்: "கரிய நிறப் படிகம் ஒன்று, ஒரு மூலை உடைந்தது."

பழைய தாள் நல்ல வழவழப்பு. எறிய மனம் வரவில்லை. மெழுகு ஒட்டாதபடி மடித்து, இந்த நாட்குறிப்பில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

மாலை மனைவி ரோஸ்லின் தொலைபேசியில் பேசினாள். "சாப்பிட்டியளா? அங்க போயும் கவர் மாத்தி சீல் வச்சியளா?"

வைத்தேன் என்றேன்.

"தெரியும். சாந்தராஜ் கேஸுக்கு அப்புறம் நீங்க தபால் கவரக்கூட சும்மா விட்டதில்ல."

வேறு பேச்சுக்கு மாற்றினேன்.


ஜூலை 7, திங்கள்

அளவீட்டுக் கருவியைப் பார்வையிட்டேன். அதை இயக்குபவர் தொழில்நுட்பர் துரைக்கண்ணு. இருபது ஆண்டு அனுபவம். கருவியின் பம்பு இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. "இது நின்னாத்தானுங்க சார் எனக்குத் தூக்கம் கெடும்" என்றார்.

அளக்கும் முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். படிகத்தின் ஒரு விளிம்பைக் குளிர்ந்த செம்புக் கட்டையில் ஒட்டுகிறார்கள்; எதிர் விளிம்பில் சிறு சூடேற்றி. இடையில் இரண்டு வெப்பமானிகள். இரண்டுக்கும் வேறுபாடு குறைவென்றால் வெப்பம் எளிதாகப் பாய்கிறது, அதிகமென்றால் தடைபடுகிறது. பூச்சியத்துக்குக் கீழே இருநூற்று முப்பது டிகிரி அளவில்தான் பவதாரணியின் விந்தை உச்சத்தில் இருந்ததாம்.

"வெப்பத்தை எது எடுத்துச் செல்கிறது?" என்று கேட்டேன்.

"அதை அந்தப் புள்ளகிட்டயே கேளுங்க. நான் சொன்னா அது கோவில் பிரசாதம் மாதிரி, பாதிதான் கைக்கு வரும்."

குற்றம் சாட்டப்பட்டவரிடம் பொருள் விளக்கம் கேட்பது முறையா என்று யோசித்தேன். தற்காப்பைப் பற்றி அல்லாமல் அறிவியலை மட்டும் கேட்பதில் தடையில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.


ஜூலை 8, செவ்வாய்

செல்வி பவதாரணி இன்று விளக்கினார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மெலிந்த குரல், ஆனால் தயக்கமில்லை. மேசைமேல் தீக்குச்சிகள் ஆறினை வரிசையாக வைத்தார்: தலை மேல், தலை கீழ், மேல், கீழ், மேல், கீழ்.

"படிகத்துக்குள்ள செம்பு அணுக்கள் இப்படி வரிசை வரிசையா நிக்குதுங்க ஐயா. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். நாங்க ஸ்பின்னுனு சொல்லுவோம். பக்கத்து அணுவுக்கு எதிராத்தான் திரும்பி நிக்கும். ஒரு வரிசை பக்கத்து வரிசையோட அவ்வளவா பேசாது."

"குடும்பப் பாகப் பிரிவினை வழக்கு போல."

அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் குச்சியைத் தலைகீழாக்கினார். "இப்ப எத்தனை தப்பு இருக்குதுங்க?"

ஒன்று என்றேன். உற்றுப் பார்த்தபின் திருத்திக்கொண்டேன்: தப்பான குச்சி ஒன்று, தப்பான இணைப்புகள் இரண்டு. மூன்றாவது குச்சி இடப்பக்கத்தாரோடும் வலப்பக்கத்தாரோடும் ஒரே திசையில் நின்றது. பிறகு அவர் நான்காவதையும் ஐந்தாவதையும் இடம் மாற்றினார். வலப்பக்கத் தப்பு ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே போய்விட்டது. இடப்பக்கத் தப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

செய்தது ஒரு செயல். அதிலிருந்து இரண்டு தப்புகள் பிறந்து, ஒன்றை ஒன்று அறியாமல் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அவை ஓடும்போது வெப்பத்தையும் சுமந்து செல்கின்றன. வரிசையின் நீளவாக்கில் மட்டும். குறுக்கே போக அவற்றுக்கு வழியில்லை.

"வரிசையில் ஓர் அணு மட்டும் அந்நியமாக இருந்தால்?"

"அங்கயே நின்னுடும். சுத்திப் போக இடமே இல்லைங்களே. அந்த ஊர்ப் படிகத்துல அழுக்கு அதிகம்னு நான் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேக்கலை."

சூழ்நிலைச் சாட்சியத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நான் எழுதிய வாக்கியம் நினைவுக்கு வந்தது: சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும் சங்கிலி முழுதும் அற்றதாகும்.

அறைக்கு வந்து தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னேன். மதிய உணவு ஆறிப்போகும்வரை குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பத்துக் குச்சிகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.


ஜூலை 9, புதன்

இருபது குச்சிகள். சன்னலை இன்னும் சாத்த முடியவில்லை.


ஜூலை 11, வெள்ளி

முத்திரை உடைத்து உறை திறக்கப்பட்டது. செல்வி பவதாரணி எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நானே பொருத்தட்டுங்களா?" என்று கேட்டார். சம்பந்தப்பட்டவர் சான்றுப் பொருளைத் தொடலாகாது என்று மறுத்தேன்.

எந்தப் பக்கத்தில் சூடேற்றியை ஒட்டுவது என்ற கேள்வி எழுந்தது. திசையைக் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவி பழுதாகியுள்ளது. உதிரிப்பாகம் வர இரண்டு மாதம் ஆகுமாம். பேராசிரியர் கோதண்டபாணி உருப்பெருக்கியில் பார்த்து, படிகத்தின் முகத்தில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவதாகவும், படிகம் வளர்ந்த திசை அதுவே என்றும் கூறினார்.

"அது வெட்டும்போது ரம்பம் ஓடுன கோடுங்க சார். வளர்ந்த கோடு இல்லைங்க" என்றார் செல்வி பவதாரணி.

"நாற்பது வருஷமா படிகம் பார்க்கிறேன் அம்மா."

வல்லுநர் கருத்தை ஏற்றேன். ஒரே ஒரு முறை அளப்பது, அதன் முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும் என்ற உடன்பாட்டில் மூவரும் கையொப்பமிட்டோம். செல்வி பவதாரணி கையொப்பமிட நேரம் எடுத்துக்கொண்டார்.


ஜூலை 14, திங்கள்

குளிர மூன்று நாள் ஆயிற்று. நானும் உடனிருந்து அளவுகளைக் குறித்தேன். திரையில் கோடு எழும் என்று என்னை அறியாமல் எதிர்பார்த்திருந்தேன். விசாரணை அதிகாரிக்கு எதிர்பார்ப்பு கூடாது. கோடு எழவில்லை. துரைக்கண்ணு மெல்லச் சொன்னார்: "செங்கல்லு மாதிரி கெடக்குதுங்க."

பேராசிரியர் தம் பேனாவை மூடினார். செல்வி பவதாரணி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

செல்வி பவதாரணியின் வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது. சுருக்கம்: திசை தவறு, படிகம் குறுக்காகப் பொருத்தப்பட்டது. "எங்க லேப்ல படிகத்து மேல குறி போட மாட்டோங்க ஐயா. அசிட்டோன்ல கழுவுனா குறி போயிடும். அதனால பட்டர் பேப்பர்ல மெழுகுல ஒட்டி, பேப்பர்ல பென்சில்ல அம்பு போடுவோம். எங்க சார் சொல்லிக்கொடுத்த பழக்கம். அந்தப் பேப்பர் எங்கீங்க?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மகஜரைப் படித்துக் காட்டினேன். அதில் படிகம் ஒன்று என்று மட்டுமே உள்ளது. தாள் குறித்து எதுவும் இல்லை. அவ்வாறே பதிவு செய்தேன்.

"அப்படின்னா தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு தடவை அளங்க."

"விரும்பின விடை வர்ற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருக்கிறதா?" என்றார் பேராசிரியர். ஒட்டியதைப் பெயர்த்தால் படிகம் பிளந்துபோகவும் கூடும் என்பதைச் சுட்டிக்காட்டினார். நியாயமான அச்சம். திசை முன்பே குறிக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று வந்தால் மட்டுமே மறு அளவீடு என்று உத்தரவிட்டேன்.


ஜூலை 16, புதன்

பக்க அடையாளத்தை மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது பேருந்துச் சீட்டு.


ஜூலை 18, வெள்ளி

காலையில் மழை. சலவைக்குப் போட்ட சட்டைகளில் ஒன்று பொத்தானின்றி வந்தது. பல்கலைக்கழகத் தீர்ப்பாயத்தின் தலைவர் பொறுப்புக்கு என் பெயர் பரிசீலிக்கப்படுவதாகக் கடிதம் வந்துள்ளது. இந்த விசாரணை முடிந்ததும் முடிவாகும். பேராசிரியர் கோதண்டபாணி அறிக்கையின் வரைவைத் தாமே தட்டச்சு செய்து அனுப்பியுள்ளார். நடை தெளிவாக உள்ளது. இரண்டு காற்புள்ளிகள் திருத்தினேன்.

தீக்குச்சிகளை எடுக்கவில்லை.


ஜூலை 19, சனி

வரைவில் கையொப்பமிட அமர்ந்தேன். பேனாவில் மை இல்லை.


ஜூலை 21, திங்கள்

மை வாங்கியாயிற்று.

ஆய்வகச் சாவியைத் திருப்பித் தர செல்வி பவதாரணி அலுவலகம் வந்திருந்தார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டோம். எதையாவது பேச வேண்டியிருந்ததால், புத்தகத்தில் படித்ததில் எழுந்த ஓர் ஐயத்தைக் கேட்டேன்: எல்லாப் பொருள்களும் குளிரக் குளிர ஒழுங்குக்கு வருகின்றனவே, ஒற்றை வரிசைக் காந்தம் மட்டும் எவ்வளவு குளிர்ந்தாலும் ஒழுங்குக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறதே, உண்மையா?

பட்டம் போகப் போகிறவரிடம் இதைக் கேட்பவன் எப்படிப்பட்டவன் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் விடை சொன்னார்.

"உண்மைதாங்க. தனி வரிசை தனக்குத் தானே உறுதி சொல்ல முடியாது. ஆடிக்கிட்டேதான் இருக்கும். பக்கத்து வரிசையோட ஒரு துளி தொடர்பு இருந்தாப் போதும். அப்பத்தான் நிலைச்சு நிக்கும்."

"ஒரு துளி போதுமா?"

"போதுங்க." பிறகு சொன்னார்: "ஐயா, பட்டம் போனா போகட்டும். எங்க சார் செத்ததுக்கப்புறம் அவர் பேரும் சேர்ந்து போகுது. அதுதான்." சாவியை மேசைமேல் வைத்தார். "ஒருவேளை அம்பு போட்டதா நானாத்தான் நினைச்சுக்கிட்டனோ என்னமோ. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது."

அறைக்குத் திரும்பும்போது மழை இல்லை. இருந்தும் குடை விரித்தே நடந்திருக்கிறேன். காவலர் சொல்லித்தான் தெரிந்தது.


ஜூலை 22, செவ்வாய்

காலையில் ரோஸ்லினை நானே அழைத்தேன். வழக்கமில்லை, பதறிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தாள் இப்ப எங்க இருக்கு?" என்றாள்.

"மேசை இழுப்பறையில்."

"எரிக்கலயே?"

"இல்லை."

"அப்ப நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணித்தான் இருக்கியளே. எனக்கு எதுக்கு போன்?"

இங்கே ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். சாந்தராஜ் என்பவருக்கு நான் ஆயுள் தண்டனை விதித்தேன். சான்றுத் துணி இரண்டு நாள் முத்திரையின்றிக் கிடந்தது எனக்குத் தெரியும். சங்கிலி முழுமையானது என்று எழுதினேன். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவர் சிறையில் ஐந்தாண்டுகள் கழித்திருந்தார். தீர்ப்பு என் பெயரைச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது முத்திரையிட மட்டுமே.


ஜூலை 23, புதன்

குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். தாளை மேசையில் விரித்து வைத்து, அது எப்படி, என்று, எங்கே என் வசம் வந்தது என்பதைக் கூறினேன். ஜூலை 15 அன்று அந்தத் தாள் எங்கே என்று செல்வி பவதாரணி கேட்டபோது, கேட்ட நொடியிலேயே எனக்கு நினைவு வந்தது என்பதையும் கூறினேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் அருமைநாயகம், நீங்களா?"

தாளில் பென்சில் அம்பு மங்கலாக இருந்தது. ஆனால் படிகத்தைப் பெயர்த்தாகிவிட்டதே. அம்பு இருந்து என்ன பயன் என்று நான் எண்ணியிருந்தேன். செல்வி பவதாரணி தாளைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து மட்டும் பார்த்தார்.

"துரைக்கண்ணு அண்ணா, அந்த லென்ஸைக் குடுங்க."

மெழுகில் ஒரு பள்ளம். ஏறத்தாழச் சதுரம். ஒரு மூலை மட்டும் நிரம்பியிருந்தது. உடைந்த மூலை அப்படியே பதிந்திருந்தது. பத்தொன்பது நாள் என் நாட்குறிப்பிலும் இழுப்பறையிலும் நசுங்காமல் கிடந்திருக்கிறது.

"உடைஞ்ச மூலை இங்க. அம்பு இப்படிப் போகுது. நீங்க சூடு வச்சது இப்படி." இரு விரல்களையும் செங்குத்தாக வைத்துக் காட்டினார்.

பேராசிரியர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ரம்பக் கோடுதான்" என்றார், யாரிடமும் அல்லாமல். மறு அளவீட்டுக்கு முதலில் கையொப்பமிட்டவர் அவரே.

துரைக்கண்ணு இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் ஒட்டுப்பசையைப் பெயர்த்தார். படிகம் பிளக்கவில்லை. "ஏனுங்க சார், இதையும் புதுக் கவர்ல போடோணுங்களா?" என்று என்னிடம் கேட்டார். கேலி என்று தெரிந்தது. வேண்டாம் என்றேன்.


ஜூலை 26, சனி

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். தொண்ணூறு டிகிரி திருப்பிப் பொருத்திய படிகம். குளிரக் குளிரக் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போயிற்று. இருநூற்று முப்பதில் உச்சம் தொட்டு வளைந்தது. கட்டுரையில் உள்ளதைவிட எட்டு விழுக்காடு குறைவு. வெப்பமானிகள் ஒட்டிய தொடுமுனைகளின் அகலத்தால் அவ்வளவு பிழை இயல்பே என்று பேராசிரியர் குறிப்பெழுதினார்.

சுற்றிப்போக வழியற்ற ஒற்றை வரிசைகளில், கண்ணுக்குத் தெரியாத தப்புகள் கோடிக்கணக்கில் அந்த வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. நான் நின்றபடியே பார்த்தேன். துரைக்கண்ணு நாற்காலி போட்டார், உட்காரத் தோன்றவில்லை.

செல்வி பவதாரணி என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை.

"எட்டு நாளுங்க ஐயா" என்றார். "எட்டு நாளா என் கையை நானே நம்பலை."

அவர் விடைக்காக நிற்கவில்லை.


ஜூலை 28, திங்கள்

அறிக்கை ஒப்படைக்கப்பட்டது. முடிவு: குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்கமாக எழுதுவோம். அந்தச் சொற்றொடரை அடித்துவிட்டு, குற்றச்சாட்டு பொய் என்று எழுதினேன். ஒன்பதாம் பத்தி என்னைப் பற்றியது. தீர்ப்பாயப் பொறுப்புக்கு என் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று தனிக் கடிதமும் அனுப்பினேன்.

இணைப்பு 17: பட்டர் பேப்பர். இணைப்பு 18: இந்த நாட்குறிப்பின் ஜூலை 4-ஆம் நாள் பக்கம், அசல். அதைக் கிழித்துக் கொடுத்ததால், நகலை அதே இடத்தில் ஒட்டியுள்ளேன்; ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஜூலை 15-ஆம் நாள் பக்கத்தை எழுத்தர் கேட்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அதன் குற்றம். அதன் ஒளிநகலை இணைப்பு 19 ஆக நானே சேர்த்தேன்.

கிளம்பும்முன் ஆய்வகத்திற்குப் போனேன். செல்வி பவதாரணி படிகத்தைப் புதிய தாளில் மெழுகால் ஒட்டிக்கொண்டிருந்தார். அம்பு போட்டு முடிக்கும்வரை வாசலில் காத்திருந்தேன். பிறகு, விட்டுப்போன ஐயம் ஒன்றைக் கேட்டேன்: ஒரு குச்சியைத் திருப்பினால் பிறக்கும் அந்த இரண்டு தப்புகளும் எப்போதாவது மறையுமா?

"தனியா ஒண்ணு தானா மறையாதுங்க. எவ்வளவு தூரம் ஓடினாலும் இருக்கும்." பென்சிலை மேசையில் வைத்தார். "ரெண்டும் மறுபடி நேருக்கு நேர் வந்தா மறையும்."

தீப்பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வாயிலில் துரைக்கண்ணு நின்றிருந்தார். திருநெல்வேலிப் பேருந்து எதுவும் கயத்தாறில் நிற்குமா என்று கேட்டேன்.

"நிக்குமுங்க. அங்க யாருங்க உங்களுக்கு?"

சாந்தராஜ் என்று ஒருவர் என்றேன்.